மீறினால் என்ன செய்வார்கள்?

கேள்வி: எங்கள் பகுதிக் குளத்தில் ‘இங்கு குளிக்கவோ, நீந்தவோ, மீன் பிடிக்கவோ கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று போர்டு வைத்துவிட்டார்கள். போன வாரம் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த என் மகனை விரட்டியிருக்கிறார்கள். என் அப்பா வைகையில் குதித்துக் குதித்து நீச்சல் படித்தவர். பொதுக் குளத்தில் இறங்காதே என்று சொல்ல இவர்கள் யார்?
– வாசகர், அனுப்பானடி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சொல்வதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது. பொது என்றால் கேட்க ஆள் இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அப்படி ஒரு தண்ணீர் மதுரையில் கிடையாது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் மீனாட்சியம்மன் கோயிலுடையது. வைகையும் பெரிய கண்மாய்களும் நீர்வளத்துறையின் பொறுப்பு, சின்னக் கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மீன் தனிக் கணக்கு. கண்மாயை மீன்பாசி குத்தகைக்கு, அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கிற உரிமைக்கு, ஏலம் விட்டிருந்தால், குத்தகைக்காரர் காசு போட்டுக் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். உங்கள் பையன் தூண்டிலில் ஒரு கட்லா மாட்டினால் அது அவருடைய காசு. அவர் ஆள் விரட்டத்தான் செய்வார்.

சரி, இப்போது என் கோபத்தைச் சொல்கிறேன். அந்த போர்டு. யார் வைத்தது, எதற்காக, எத்தனை அடி ஆழம், எங்கே சேறு, எந்தப் படிக்கட்டில் பாசி, ஒன்றும் இருக்காது. ‘மீறினால்’ என்ற மிரட்டல் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். சில வருஷம் முன்னால் இதே மாதிரி ஒரு போர்டைப் பார்த்துவிட்டு, மீறினால் என்னதான் செய்வீர்கள், எந்தச் சட்டத்தில் என்று கேட்க ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர், போர்டு எங்களுடையது இல்லை, பக்கத்து ஆபீஸ் என்றார். பக்கத்து ஆபீஸில், குளம் எங்களுடையது, போர்டு அவர்களுடையது என்றார்கள். மூன்றாவது இடத்தில் டீ கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை. திரும்பி வரும்போது அந்த போர்டிலேயே ஒருத்தர் துண்டைக் காயப்போட்டுவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவர் குதித்த வைகை மணல் ஆறு. தண்ணீர் இடுப்பளவோ கழுத்தளவோ, காலுக்குக் கீழே மணல் கிடக்கும், கரையில் பெரியவர்கள் நின்றுகொண்டு இருப்பார்கள். இன்றைக்கு மணல் அள்ளிய இடமெல்லாம் குழி. முட்டியளவு தண்ணீரில் நடந்துபோகிறவன் அடுத்த அடியில் ஆளுயரப் பள்ளத்தில் இருப்பான், மேலே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தண்ணீர்தான். ஆல்பர்ட் விக்டர் பாலத்துப் பக்கம் கட்டியிருக்கிற மாதிரியான தடுப்பணைகள் வந்துவிட்டன. சறுக்குமரம் மாதிரி இருக்கிறதே என்று பையன்கள் கூட்டமாகப் போகிறார்கள். தடுப்பணையில் தண்ணீர் வழிந்து விழுகிற இடம் இருக்கிறதே, அங்கே மேல்தண்ணீர் முன்னால் போவது மாதிரி தெரிந்தாலும் அணையின் காலடியில் அது சுழன்று பின்னால் இழுக்கும். விழுந்தவனை அணைச் சுவரை நோக்கியே கொண்டுவந்து அமுக்கும், திரும்பத் திரும்ப. அங்கே நன்றாக நீச்சல் தெரிந்தவனும் தோற்பான், அவனைக் காப்பாற்றக் குதிக்கிற நண்பனும் தோற்பான். இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் என்று செய்தியில் படிக்கிறோமே, அது இப்படித்தான். இதை எந்த போர்டிலாவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

வைகை அணையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1959-ல் திறந்த அணை, தண்ணீர் தேக்குகிற உயரம் 71 அடி. 66 அடி வந்தால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. அதற்கு மேல் வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுவார்கள், தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டத்துக்கும் சொல்லிவிடுவார்கள். இது ஒழுங்கான விதி. எண் இருக்கிறது, காரணம் இருக்கிறது, அடுத்து என்ன நடக்கும் என்பதும் இருக்கிறது. ஆண்டிபட்டிப் பக்கம் இருக்கிற அணைக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிகிறவர்களால், அதே தண்ணீர் நம் ஊர்ப் படித்துறைக்கு வந்ததும் ‘கூடாது’ என்ற ஒரே சொல்லுக்கு மேல் போக முடியவில்லை.

கிராமத்தில் இந்தச் சிக்கலே இல்லை, ஏனென்றால் அங்கே விதி போர்டில் இல்லை, ஊர் வாயில் இருக்கிறது. மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் மீன்பிடித் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா? அறுப்பு முடிந்து, கண்மாயில் தண்ணீர் வற்றி வரும் வரைக்கும் கை வைக்கமாட்டார்கள். நாள் குறித்து அக்கம்பக்கத்து ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்புவார்கள், இப்போது வாட்ஸ்அப்பில். விடிவதற்கு முன்பே ஊத்தாக் கூடையும் கச்சாவும் வலையுமாகக் கரை முழுக்க ஆள் நிற்கும், ஆனால் சாமி கும்பிட்டுவிட்டுப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுகிற வரைக்கும் ஒரு கால் தண்ணீரில் நனையாது. வீசினால் அவ்வளவுதான், சேறு பறக்கும். விராலும் கெளுத்தியும் ஜிலேபியும் கிடைத்தவனுக்கு, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கலாம், விற்கக் கூடாது. ஆயிரம் பேரை ஒரு துண்டு நிறுத்தி வைக்கிறது. நாளைக்கு நமக்கும் இறங்க ஒரு நாள் வரும் என்று தெரிந்தவன் இன்றைக்குக் காத்திருப்பான். வருஷம் 365 நாளும் கூடாது என்கிற போர்டுக்கு எவன் காத்திருப்பான்?

சின்ன வயசில் எங்களுக்கும் தடை உண்டு. ‘மடைப்பக்கம் போகாதே, இழுத்துரும்’ என்பாள் அப்பத்தா. காரணத்தையும் சேர்த்தே சொன்னதால்தான் இன்றைக்கும் மடையைக் கண்டால் இரண்டடி தள்ளி நிற்கிறேன்.

மதுரைக்குள் அப்படி இறங்கிப் பழக இடமும் இல்லை, அதுவும் உண்மை. உயர் நீதிமன்றக் கிளையே 2004-ல் உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில்தான் வந்தது. கண்மாய் ஆக்கிரமிப்பு வழக்குக்கே கண்மாய்க்குள் போய்த்தான் வாதாட வேண்டியிருக்கிறது. தெப்பக்குளம் பல வருஷம் வறண்டு கிடந்தபோது பையன்கள் அதற்குள் கிரிக்கெட் ஆடினார்கள். இப்போது பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து நிறைகிறது, சாயங்காலம் ஊரே காற்று வாங்க வருகிறது. கிரிக்கெட் ஆடி வளர்ந்த தலைமுறைக்கு அது எத்தனை ஆழம் என்று எப்படித் தெரியும்?

மீன் பற்றி இன்னும் ஒன்று. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது 1897-ஆம் வருஷச் சட்டத்திலேயே குற்றம், அதற்கு எந்த போர்டும் தேவையில்லை. தூண்டில் அந்த ரகமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊர்ச் சாக்கடை கலக்கிற தண்ணீரில் பிடித்த மீனை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தால் நீங்கள் குழம்பு வைப்பீர்களா? அயிரை மீன் குழம்புக்குப் பேர்போன ஊரில் இப்படிக் கேட்க வேண்டியிருப்பதே கொடுமை. அதற்கு யாரைப் பார்த்து ‘கூடாது’ என்று போர்டு வைப்பது?

ஆகவே போர்டைப் பிடுங்கப் போகாதீர்கள். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். குளம் யாருடையது, தடை யார் போட்டது, எந்த உத்தரவில், மீன்பாசி குத்தகை யாருக்கு, எந்தத் தேதி வரைக்கும். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போய், ஆழத்தை எழுதுங்கள், ஒரு ஓரத்திலாவது பாதுகாப்பாகக் குளிக்க இடம் விடுங்கள், கரையில் ஒரு லாரி டியூபும் கயிறும் கட்டித் தொங்கவிடுங்கள் என்று கேளுங்கள். போர்டு அடிக்கிற காசில் டியூபும் கயிறும் வந்துவிடும்.

அப்புறம், அப்பா நீச்சல் படித்த கதையை எழுதினீர்கள், மகனை விரட்டியதை எழுதினீர்கள். பையனுக்கு நீச்சல் தெரியுமா என்று எழுதவே இல்லையே?