உலர்ந்த பிறகு அடுக்குங்கள்: வாசகர் கேள்வி பதில்

வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வது பற்றி இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். நானும் அந்தக் கரையில் பிறந்தவள் என்பதால் சில இடங்களில் பதில் சற்று நீண்டுவிட்டது.

கேள்வி: எங்கள் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஒரு கூடம், ஓர் அறை, அடுக்களை, அவ்வளவுதான். கணவர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். வலை, கயிறு, மிதவை, நனைந்த உடுப்பு எல்லாம் கூடத்திலேயே கிடக்கின்றன. மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கி எல்லாவற்றையும் அடுக்கினேன். இரண்டே வாரத்தில் வீடு முழுவதும் கவிச்சி. எங்கே தவறினேன்? (பாம்பன் வாசகி)

பதில்: பெட்டி வாங்கியதில் தவறில்லை, சகோதரி. ஈரத்தை உள்ளே வைத்து மூடியதுதான் தவறு. வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் உலர்ந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்குப் பொருளுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டால் வேலை முடிந்துவிடுகிறது. நமக்கோ இடம் தேடுவதற்கு முன்னால் உப்பைக் கழுவும் வேலை ஒன்று இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். அதனால்தான் கடல்நீர் பட்ட சட்டை உச்சி வெயிலில் மொடமொடவென்று காய்ந்தாலும் பொழுது சாய்ந்ததும் மறுபடி நசநசக்கிறது. அதை எத்தனை முறை வெயிலில் போட்டாலும் பயனில்லை. நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசியே ஆக வேண்டும். குடிநீரைச் செலவழிக்கச் சொல்லவில்லை. வீட்டுத் துணிகளைக் கடைசியாக அலசிய தண்ணீரே இதற்குப் போதும்.

அடுத்தது இடம். கடலுக்குப் போய் வரும் பொருள் எதுவும் வாசற்படியைத் தாண்டி உள்ளே வர வேண்டாம். தாழ்வாரத்தில் குறுக்காக இரண்டு கம்புகள் கட்டி, வலையைக் குவிக்காமல் காற்றுப் படும்படி தொங்கவிடுங்கள். நைலான் இழை வெயிலில் நாள்பட நலிந்து அறுந்துபோகும் என்பதால் நிழலில் உலர்வதே நல்லது. மிதவைக்கும் கயிற்றுக்கும் மீன் ஏற்றும் ஓட்டைக் கூடையே ஏற்றது. வாங்கிய மூடிப் பெட்டிகளை வீணாக்க வேண்டாம். குளிர்காலப் போர்வைகள், பிள்ளைகளின் பழைய பாடப் புத்தகங்கள் போன்ற நன்றாக உலர்ந்த பொருள்களை அவற்றில் வைக்கலாம்.

ஆனால் இந்த இடங்களை நீங்கள் தனியாக முடிவு செய்துவிடாதீர்கள். விடியலுக்கு முன் இருட்டில் எழுந்து டார்ச் விளக்கையும் கத்தியையும் வலை ஊசியையும் தேடப் போவது அவருடைய கை. அந்தக் கை பழக்கத்தில் எங்கே நீள்கிறது என்று இரண்டு நாள் கவனித்து, அங்கேயே ஓர் ஆணி அடியுங்கள். விசைப்படகுக் குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. வீட்டைப் புரட்டிப் போட்டு அடுக்க அது தோதான காலம். உங்களுக்கு அந்தத் தடை இல்லாததால், காற்று பலத்துத் தொழிலுக்குப் போகாத ஏதாவது ஒரு நாளில் இருவருமாகச் சேர்ந்து செய்துவிடுங்கள்.

கேள்வி: மகன் துபாயில் இருக்கிறான். திடீரென்று தொலைபேசியில் அழைத்து ஒரு சான்றிதழைக் கேட்பான். நான் மூன்று டிரங்குப் பெட்டிகளைக் கவிழ்ப்பேன். காகிதங்கள் பழுப்பேறிப் போவதால் எல்லாவற்றையும் லேமினேஷன் செய்துவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானா? (கீழக்கரை வாசகர்)

பதில்: தயவுசெய்து வேண்டாம், ஐயா. வெளிநாட்டு வேலைக்காகச் சான்றொப்பம் பெறும்போது மூலச் சான்றிதழின் பின்பக்கத்தில்தான் முத்திரை இடுவார்கள். நெகிழித்தாள் ஒட்டிய காகிதத்தில் முத்திரை எப்படிப் பதியும்? பிறகு அதைப் பிரித்தெடுக்கப் போய் எழுத்தோடு சேர்த்து உரித்துக்கொண்டு வருவார்கள். பழைய கிரயப் பத்திரங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், ஏனெனில் சூட்டில் ஒட்டிய அந்தத் தாளைப் பின்னாளில் சேதமின்றி நீக்க இயலாது.

காகிதங்களை எந்தத் துறை தந்தது என்று பார்த்துப் பிரிக்காமல், தொலைந்தால் மீட்பது எவ்வளவு கடினம் என்று பார்த்துப் பிரியுங்கள். கிரயப் பத்திரம் தொலைந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெறலாம். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் இணையத்திலேயே எடுக்கலாம். மூல மதிப்பெண் பட்டியலும் பட்டச் சான்றிதழும் அப்படியல்ல. மறுபடி வாங்கக் காவல் நிலையம், பல்கலைக்கழகம் என்று அலைய வேண்டிவரும். ஆகவே இரண்டாம் வகையைத் தனி உறைகளில், ஆளுக்கொரு கோப்பாக, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். தரையோடு ஒட்டிய டிரங்குப் பெட்டியில் வேண்டவே வேண்டாம். உறைக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, வாடைக்காற்று தொடங்கும் முன்பும் தை பிறந்த பிறகும் ஒரு முறை எடுத்து நிழலில் காற்றாட விட்டால் பூசணம் பூக்காது.

ஒவ்வொரு கோப்பின் உள்ளட்டையிலும் என்னென்ன இருக்கிறது என்று கையால் எழுதி ஒட்டி, அந்தத் தாளைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பிவிடுங்கள். பாதி அழைப்புகள் அதிலேயே நின்றுவிடும். 2015-இல் தொடங்கப்பட்ட, அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரும் உதவும். ஆனால் அதில் துறைகளே நேரடியாக வழங்கும் ஆவணத்துக்குத்தான் மூல ஆவணத்துக்கு நிகரான ஏற்பு உண்டு. நாமே படம் எடுத்து ஏற்றி வைப்பது வெறும் நகல்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது உடுத்திய துணியோடு தப்பியவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய பிறகு சாவியைத் தேடக் கூடாது. ஐப்பசி பிறக்கும் முன்பே குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், பாஸ்போர்ட், மருந்துச் சீட்டு ஆகியவற்றை நீர் புகாத ஒரே பையில் போட்டுக் கதவருகே மாட்டிவிடுங்கள்.

கேள்வி: முண்டு மிளகாய் வற்றலும் கருப்பட்டியும் மழைக்காலத்தில் கெட்டுப்போகின்றன. என் தாயார் காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில்தான் இருந்தன, ஒன்றும் ஆகவில்லையே? (சாயல்குடி வாசகி)

பதில்: உங்கள் தாயாருடையது விறகடுப்பு. அதன் புகையும் சூடும் அந்தப் பரணை எப்போதும் உலர்வாக வைத்திருந்தன. எரிவாயு அடுப்புக்கு மேலே அதே இடத்தில் ஏறுவது சோற்றின் ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும்தான், இடத்தை மாற்றுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர் மிளகாய்க்கு அந்த மரியாதையாவது வேண்டாமா? இரண்டையும் நல்ல வெயில் நாளில் உலர்த்திச் சூடு ஆறியதும் காற்றுப் புகாத டப்பாக்களில் அடைத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சின்ன டப்பாவில் எடுத்து வையுங்கள். பெரிய டப்பாவை மழை நாளில் திறக்க வேண்டாம்.

கேள்வி: தள்ளுவண்டியில் குடம் குடமாகத் தண்ணீர் வாங்குகிறோம். பன்னிரண்டு குடங்களும் இரண்டு டிரம்களும் நடைபாதையை அடைத்துக்கொள்கின்றன. எது பழைய தண்ணீர், எது புதியது என்பதே தெரிவதில்லை. (தொண்டி வாசகி)

பதில்: குடங்களை வட்டமாகக் கூட்டி வைக்காமல் சுவரோரம் வரிசையாக ஒரு பலகையின் மேல் வையுங்கள். புதிதாக வந்த குடம் எப்போதும் வரிசையின் கடைசிக்குப் போகட்டும். எடுப்பது எப்போதும் அடுக்களைப் பக்கத்திலிருந்து இருக்கட்டும். அப்போது வரிசையே கணக்குச் சொல்லும். ஒரு குடம் சுமார் 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டில் 180 லிட்டர் வருகிறது. நான்கு பேர் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒரு வாரத்துக்குத் தாராளம். அதற்கு மேல் சேர்த்து வைப்பது அச்சத்தால்தான் என்று தோன்றுகிறது, அந்த அச்சத்துக்கு நம் மாவட்டத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர ஏறக்குறைய 7 முதல் 10 நாட்களே ஆகும். அதன் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே டிரம்மைக் காலி செய்தால் மட்டும் போதாது. வாரத்தில் ஒரு நாள் தேங்காய் நார் கொண்டு உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, வாயில் துணி கட்டி மூடுங்கள்.

கேள்வி: மாமியார் எதையும் எறிய விடமாட்டார். பழைய ஓலைப் பெட்டிகள், உடைந்த பித்தளைக் குத்துவிளக்கு, மூடியில்லாத செம்பு என்று பரண் நிறைந்து கிடக்கிறது. (மண்டபம் வாசகி)

பதில்: அவருடைய பொருளை அவர் இல்லாத நேரத்தில் எறிவது ஒழுங்கில் சேராது. ஓலைப் பெட்டிகளைத் துடைத்து வெங்காயமும் பூண்டும் போட்டு வையுங்கள். அவற்றில் காற்று உலவும், நீங்கள் புதிதாகக் கூடை வாங்க வேண்டியதும் இல்லை. உடைந்த பித்தளையைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுப் புதிதாக ஒரு விளக்கு வாங்கலாம் என்று அத்தையிடமே யோசனை கேளுங்கள். சம்மதித்தால் கடைக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். தராசில் எடை போடுவதை அவர் தம் கண்ணால் பார்க்க வேண்டும்.