அக்கா சம்பளத்தில் ஊர் சுற்றலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. இன்ஜினீயரிங் முடித்துவிட்டு ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். காலையில் கம்பெனி பஸ், ராத்திரி கம்பெனி பஸ் என்று மூச்சு முட்டுகிறது. வேலையை விட்டுவிட்டு பைக்கில் இந்தியா முழுக்கச் சுற்றி, என் வாழ்க்கையின் நோக்கம் என்ன என்று கண்டுபிடிக்க ஆசை. வேலூரில் வெயிலைத் தவிர என்ன இருக்கிறது? அப்பாவுக்கு முடியவில்லை, தறியை விட்டுவிட்டார். அக்கா வேலைக்குப் போவதால் வீட்டுச் செலவு ஓடிவிடும். சொந்தக்காரர்கள் என்னை 'ஊர்சுற்றி' என்கிறார்கள். ரமணர்கூட வீட்டை விட்டுத்தானே கிளம்பினார்? நான் நினைப்பது தப்பா? பைக்கில் போவதா, ரயிலில் போவதா?
- பெயர் வேண்டாம், குடியாத்தம்.

பதில்: ஊர் சுற்றுவது தப்பே இல்லை, தம்பி. இருபத்தாறு வயதில் அந்த ஆசை வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். சொந்தக்காரர்களை விடுங்கள். நீங்கள் ரிட்டயர் ஆகும்வரை அதே கம்பெனி பஸ்ஸில் போய் வந்தாலும் அவர்கள் வேறு ஏதாவது சொல்லத்தான் போகிறார்கள்.

எனக்கு உறுத்தியது ஒரே ஒரு வரி. அக்கா வேலைக்குப் போகிறாள், அதனால் செலவு ஓடிவிடும் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எங்கே போகிறார், என்ன வேலை, ஒன்றும் இல்லை. குடியாத்தத்திலிருந்து வேலைக்குப் போகும் பெண் என்றால் அநேகமாக அதுவும் ஒரு ஷூ கம்பெனியாகத்தான் இருக்கும். தையல் பிரிவில் மணிக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட் வைத்து, மெஷினை விட்டு எழுந்தால் சூப்பர்வைசர் திரும்பிப் பார்ப்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்கு மூச்சு முட்டுகிற அதே பஸ்ஸில் அக்காவுக்கு மட்டும் காற்று வருகிறதா? அவருக்கும் எங்காவது போகவேண்டும் என்று இருக்கிறதா என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது, சீட்டுப் பணம், கேஸ், கரண்ட் பில் எல்லாவற்றையும் அவர் தலையில் வைத்துவிட்டுக் கிளம்புவதற்குப் பெயர் சுதந்திரம் என்றால், அதற்கான பில் வேறொருவர் பெயரில் போகிறது.

ரமணரை இழுத்திருக்கிறீர்கள். திருவண்ணாமலை 1989 வரை நம் மாவட்டத்தில்தான் இருந்தது, அதனால் அவரைப் பற்றி நானும் சொல்கிறேன். 1896-ல் மதுரையிலிருந்து கிளம்பும்போது அவருக்கு வயது பதினாறு. அண்ணனுடைய காலேஜ் ஃபீஸுக்காகக் கொடுத்த ஐந்து ரூபாயில் ரயிலுக்கு மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டையும் வைத்து, ஃபீஸ் இன்னும் கட்டவில்லை என்று சீட்டு எழுதிவைத்துவிட்டுத்தான் போனார். வழியில் காசு தீர்ந்தது. கொஞ்ச தூரம் நடந்தார். திருக்கோவிலூர்ப் பக்கம் கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கினார். வீட்டுக்கு எழுதிப் பணம் கேட்கவில்லை. செப்டம்பர் 1-ம் தேதி அண்ணாமலை போய்ச் சேர்ந்தவர் 1950-ல் கண் மூடும்வரை அந்த மலையை விட்டு எங்கும் போகவில்லை. அதாவது உங்கள் பைக் டூருக்கு அவர் சாட்சி சொல்லமாட்டார்.

நோக்கத்தைத் தேடிப் போகிறேன் என்கிறீர்கள். அது லடாக்கில் உங்கள் பெயர் எழுதிக் காத்துக்கொண்டிருக்கும் என்று யார் சொன்னது? வேலூரில் அடிக்கடி காதில் விழுகிற பெயர் ஐடா ஸ்கடர். மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தும் இந்த வேலையே வேண்டாம், அமெரிக்காவில் என் இஷ்டப்படி வாழ்கிறேன் என்று இருந்த பெண். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ல் திண்டிவனம் வந்தார், பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் எண்ணத்தில். ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் பிரசவ வலியில் துடிக்கும் மனைவிக்காக வந்து கதவைத் தட்டினார்கள். ஐடாவின் அப்பா டாக்டர். ஆனால் ஆண் டாக்டர் கூடாது என்று மூவருமே சொல்லிவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோய்விட்டார்கள். ஐடா அமெரிக்கா போனார், டாக்டருக்குப் படித்து 1900-ல் திரும்பி வந்து வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தார். சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் பிறப்பு அதுதான். நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த இடத்தில் அவருக்கு அது கிடைத்தது. உடம்பு முடியாத அப்பா இருக்கும் வீட்டில் உட்கார்ந்துதான் நீங்கள் கடிதம் எழுதியிருக்கிறீர்கள், எதற்கும் சொல்லிவைத்தேன்.

'வேலூரில் என்ன இருக்கிறது?' கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டு வந்து நம் கோட்டையில்தான் அடைத்தார்கள். 1832-ல் இங்கேயே செத்தும் போனார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று சமாதி இருக்கிறது, போயிருக்கிறீர்களா? ஜவ்வாது மலையில் காவலூர்? 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கே இருக்கிறது. ஆம்பூர் வரைக்கும் தினம் போகிறவர், அதைத் தாண்டி வாணியம்பாடி போய் மலை ஏறினால் ஆயிற்று. அவ்வளவு தூரம்கூடப் போகாதவர் இமயமலையில் எதைப் பார்த்து வீடியோ எடுக்கப்போகிறார் என்பது எனக்கு நிஜமாகவே சந்தேகம்.

அதைவிட ஒரு நல்ல வேலை சொல்கிறேன். லீவு நாளில் சி.எம்.சி. எதிரே இருக்கும் சந்துகளில் நடந்து பாருங்கள். கடைப் பலகையில் வங்காள எழுத்து. ஓட்டலில் கடுகெண்ணெய் வாசனை. சமைத்துச் சாப்பிட வசதியுள்ள லாட்ஜ் ரூம்களில் மேற்கு வங்காளத்துக் குடும்பங்கள், திரிபுராக் குடும்பங்கள், வடகிழக்கிலிருந்து வந்தவர்கள், ரிப்போர்ட்டுக்காக நாள் கணக்கில் காத்திருப்பார்கள். எத்தனையோ பேருக்கு எந்த பிளாக், எந்த கவுன்ட்டர் என்று கேட்க பாஷை தெரியாது. நாலைந்து ஞாயிற்றுக்கிழமை கூட இருந்து உதவுங்கள். இந்தியும் கொஞ்சம் வங்காளமும் ஒட்டிக்கொள்ளும். கல்கத்தாவில் இறங்கும்போது 'வேலூர்த் தம்பி' என்று சோறு போட ஒரு வீடாவது இருக்கும். ஹோட்டல் ஆப் இந்த வசதியைத் தராது.

பிறகு அக்காவிடம் உட்கார்ந்து பேசுங்கள். வீட்டுக்கு மாதம் எவ்வளவு வேண்டும் என்று அவர் சொல்லட்டும், நீங்கள் சொல்லக்கூடாது. ஆறு மாதம் போவதென்றால் உங்கள் பங்கை ஆறு மாதத்துக்குச் சேர்த்து அவர் கையில் முதலில் கொடுங்கள். மிச்சம் இருப்பதுதான் பயணப் பணம். போதவில்லையா, மூன்று மாதம் போய் வாருங்கள். திரும்பியதும் அக்கா போகட்டும், அப்பாவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் எங்கே போக ஆசைப்படுகிறார் என்பதை எனக்கு எழுதினால் இந்தப் பக்கத்தில் போடத் தயார். உங்கள் கடிதத்தைவிட அது சுவாரஸ்யமாக இருக்கும் என்று படுகிறது.

பைக்கா, ரயிலா? மாதத் தவணையில் பைக் வாங்கிக்கொண்டு கம்பெனியை விட்டுக் கிளம்பினால் தவணைக்காகவே இன்னொரு கம்பெனியில் சேரவேண்டிவரும். ரயிலில் போங்கள். கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் வரை நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் நம் காட்பாடியில்தான் நின்று போகிறது. ஸ்லீப்பர் டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிறவர்கள் கூட்டம் அந்தப் பக்கம் போகும் வண்டிகளில் எப்போதும் உண்டு.