அரபு மாணவியர் சங்கத்தில் சேரலாமா என்று கேட்ட மகளுக்கு

மகளே, உனக்கு என் இளைய பெண்ணின் வயதுதான் இருக்கும். அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். கோவையிலிருந்து மிச்சிகனுக்கு இளங்கலை படிக்க வந்திருக்கிறாய். அறைத்தோழி ஏமன் குடும்பத்துப் பெண். அவள் இருக்கும் அரபு மாணவியர் சொராரிட்டியில் (கல்லூரிப் பெண்களுக்கான உறுப்பினர் சங்கத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ஓர் உறுப்பினருக்குச் சமூக சேவைக்காகவும் படிப்பில் சிறந்ததற்காகவும் பாராட்டு விழா நடந்திருக்கிறது. உன்னையும் அழைத்துப் போயிருக்கிறாள். அரபுப் பெண்ணாக இல்லாவிட்டாலும் நீயும் சேரலாம் என்கிறாளாம். சேரட்டுமா என்று கேட்கிறாய். கூடவே குளிர்கோட்டு, வங்கிக் கணக்கு, இட்லி அரிசி, தமிழ்ச் சங்கம் என்று வேறு சில கேள்விகள். அவற்றுக்கு உன் விடுதியில் இருக்கும் மூத்த மாணவர்கள் யாரைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். முதல் கேள்விக்குத்தான் நம்மவர்கள் உனக்குத் தவறான பதில் சொல்வார்கள். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒரு கூட்டம் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் அது யாரை மேடையேற்றுகிறது என்று பார். நம்மவர் விழாக்கள் பலவற்றில் பொன்னாடை யாருக்குப் போகிறது? பெரிய நன்கொடை கொடுத்தவருக்கு, வீடு விற்கும் முகவருக்கு, சென்னையிலிருந்து வந்த பிரமுகருக்கு. வாரந்தோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கும் ஆசிரியையும், இரவு பத்து மணிக்கு மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கிய பிள்ளைகளும் ‘மற்றும் பலருக்கு நன்றி’ என்ற ஒரே வரியில் அடங்கிவிடுவார்கள். இதைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ பேருடைய மனக்கசப்பைச் சம்பாதித்திருக்கிறேன், அதற்காக வருத்தமில்லை. ஓர் இருபது வயதுப் பெண்ணை, அவள் செய்த வேலைக்காகவும் படித்த படிப்புக்காகவும் ஒரு சபை எழுந்து நின்று பாராட்டுகிறது என்றால் அந்தச் சபையை நான் மதிக்கிறேன்.

சென்ற ஆண்டு இப்படியொரு விழாவுக்கு நானும் போயிருந்தேன். மிச்சிகனில் அரபு மக்கள் நிறைய வாழும் டியர்பார்ன் நகரில் என் பழைய பக்கத்து வீட்டுக்காரரான லெபனான் அம்மாவின் பேத்திக்கு அவளுடைய சொராரிட்டி செய்த மரியாதை அது. செவிலியர் படிப்பு படிக்கிறாள், வகுப்பில் முதல் வரிசை மதிப்பெண். சனிக்கிழமை காலைகளில் முதியவர்களுக்குக் குடியுரிமைத் தேர்வுக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். 100 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து அதிகாரி 10 வரை கேட்பார், 6-க்குச் சரியான பதில் வேண்டும் என்பது அப்போதிருந்த முறை. அவளிடம் படித்துத் தேறிய ஏமன் பெரியவர் ஒருவர், கார் ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர், சூட்டு அணிந்துகொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். பேத்தியின் பெயரை அழைத்ததும் பாட்டி எழுந்து, வாயருகே கையை வைத்துக் குலவையிட்டார். பின்வரிசைப் பெண்களெல்லாம் சேர்ந்துகொண்டார்கள். மதுரைப் பக்கம் முளைப்பாரி எடுக்கும்போது எங்கள் ஊர்ப் பெண்கள் இடும் அதே குலவை! நான் மட்டும் எப்படிச் சும்மா இருப்பது? நானும் எழுந்து குலவையிட்டேன். பாட்டி திரும்பிப் பார்த்து என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

இனத்துக்கு ஒரு சங்கம் எதற்கு, எல்லோரும் ஒன்றாக இருக்கக் கூடாதா என்று உன் அப்பா கேட்கக்கூடும். பழைய சொராரிட்டிகள் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைப் பெண்களுக்காகத் தொடங்கியவை. அங்கே இடமில்லாத கறுப்பினப் பெண்கள் 1908இல் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். தெற்காசியப் பெண்கள் 1998இல் ஹியூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகாவைத் தொடங்கினார்கள். அரபுப் பெண்கள் அதற்கும் பின்னால் வந்தவர்கள். அவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அமெரிக்க அரசின் கணக்கில் அரபு மக்கள் வெள்ளையர். மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க வம்சாவளி என்று தனிப் பிரிவு வேண்டும் என்ற விதிமாற்றம் 2024 மார்ச்சில்தான் வந்தது. கணக்கில் தனியாகத் தெரியாத பிள்ளைகளின் சாதனையும் வெளியே தெரியாமல் போகும். அதைத் தாங்களே எடுத்துச் சொல்லிக் கொண்டாடுகிறார்கள். அதில் என்ன தவறு?

‘சேவை, சேவை என்று சுற்றினால் படிப்பு கெடும்’ என்று சொல்ல இங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் பெற்றோர் பலருக்குச் சேவை என்றால் கல்லூரி விண்ணப்பத்தில் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம். இடம் கிடைத்ததும் பிள்ளை அந்தப் பக்கமே போகாது. டியர்பார்னிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஃபிளிண்ட் நகரில் குடிநீரில் ஈயம் கலந்தபோது, குழந்தைகளின் இரத்தப் பரிசோதனை விவரங்களை 2015இல் வெளியிட்டு அரசை ஒப்புக்கொள்ள வைத்தவர் மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா. ஈராக்கிலிருந்து வந்த குடும்பத்துப் பெண், இந்த மிச்சிகனிலேயே படித்தவர். படிப்பு இல்லாமல் அந்தச் சேவையைச் செய்திருக்க முடியுமா?

இனி எச்சரிக்கைகள். இவற்றை நிதானமாகப் படி.

நம் ஊர் ராகிங்குக்கு இங்கே பெயர் ஹேசிங். நான் ஊரைவிட்டுக் கிளம்பிய நேரத்தில்தான், 1996 நவம்பரில், மருத்துவ மாணவர் நாவரசுவின் கொலை தமிழ்நாட்டையே உலுக்கியது. மறு ஆண்டு ராகிங் தடைச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் அதெல்லாம் இருக்காது என்று நினைக்காதே. சிறுபான்மையினர் சங்கம் என்றால் பாதுகாப்பு என்றும் நினைக்காதே. 2013இல் நியூயார்க்கின் பாருக் கல்லூரி மாணவர் ஒருவர், ஆசிய மாணவர் சங்கம் ஒன்றில் சேரப் போய், கண்ணைக் கட்டி நடத்திய சடங்கில் அடிபட்டு இறந்தார். 2024 டிசம்பரில் வந்த சட்டப்படி, ஹேசிங் செய்து பிடிபட்ட அமைப்புகளின் பெயர்களைப் பல்கலைக்கழகங்கள் வெளியிட வேண்டும். உன் பல்கலைக்கழகத்தின் பட்டியலைத் தேடிப் படி. புதியவர்களுக்கு என்ன பயிற்சி, எத்தனை வாரம், எங்கே, இரவிலா பகலிலா என்று நேரடியாகக் கேள். ‘அது இரகசியம்’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடு. தோழி வருத்தப்படுவாளே என்று பார்க்காதே.

பணம்: சந்தா, உடை, பயணம் என்று ஓர் ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்கிக்கொள். செலவழிக்கும் ஒவ்வொரு டாலரையும் ரூபாயாக்கிப் பார்க்கும் பழக்கத்தை இன்னும் சில காலம் விடாதே.

விசா: எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் இளங்கலை மாணவி ஒரு பருவத்துக்கு எடுக்கும் பாடங்கள் மொத்தம் 12 கிரெடிட்டுக்குக் (பாட அளவுப் புள்ளிகளுக்கு) குறையக் கூடாது. விழா வேலை அதிகம் என்று ஒரு பாடத்தைக் கைவிட்டால் பிரச்சினை மதிப்பெண்ணோடு நிற்காது. தொண்டு நிறுவனத்தில் எல்லோரும் சும்மா செய்யும் வேலையை நீயும் செய்யலாம். சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலையை ஒருவர் உன்னிடம் ‘சேவை’ என்று தள்ளினால் செய்யாதே, அது விதிமீறலாகப் பார்க்கப்படலாம். சந்தேகம் வந்தால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேள். வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அண்ணன்மாரைக் கேட்காதே.

இதையெல்லாம்விட நான் அஞ்சுவது நம்மவர் வாயைத்தான். ‘அரபுக்காரர்களோடு உனக்கென்ன பழக்கம்’ என்று கேட்பார்கள். 1997 ஜனவரியில் நான் வந்து இறங்கியபோது எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். கிழக்கு டியர்பார்னில், வாரன் அவென்யூவுக்கு அருகில் அடுக்ககம். கணவருக்குக் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு ஹெச்-4, அதாவது வேலை விசாவில் வந்தவரின் மனைவிக்கான விசா. அப்போது அந்த விசாவில் வேலை செய்ய அனுமதியே கிடையாது; 2015க்குப் பிறகுதான் சிலருக்காவது கிடைத்தது. கணிதத்தில் முதுகலை படித்துவிட்டு, கார் ஓட்டத் தெரியாமல், ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊர்ப் பழக்கத்தில் எங்களை விருந்துக்கு அழைத்த குடும்பம் ஒன்று, சீக்கிரம் அந்த வட்டாரத்தைவிட்டு வெளியேறுங்கள் என்று புத்தி சொல்லி அனுப்பியது.

பக்கத்து வீட்டு அம்மா தெற்கு லெபனானின் பின்த் ஜுபைல் ஊர்க்காரர், போர்க்காலத்தில் கிளம்பி வந்தவர். அவர் மகனுக்கு அல்ஜீப்ரா வரவில்லை. சாப்பாட்டு மேசையில் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். சில வாரங்களில் அந்த மேசையைச் சுற்றித் தெருப் பிள்ளைகள் பலர் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த அம்மாதான் என்னை அரபு மக்களுக்கான தொண்டு மையத்துக்கு அழைத்துப் போனார். டியர்பார்னில் 1971இல் தொடங்கிய ‘ஆக்சஸ்’ போன்ற அமைப்புகள் ஆங்கில வகுப்பு, வேலைப் பயிற்சி, மருத்துவ உதவி என்று புதிதாக வந்தவர்களைத் தாங்கிப் பிடித்ததை அங்கே இருந்துகொண்டு பார்த்தவள் நான். நீ யார், எந்த மதம் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. பாடம் எடுக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்கள். கிரீன் கார்டு வந்து நான் ஆசிரியை வேலைக்கு மனுப் போட்டபோது அந்த மையத்தின் பரிந்துரைக் கடிதம்தான் என் முதல் அமெரிக்கச் சான்றிதழ்.

2001 செப்டம்பருக்குப் பிறகு அந்த அம்மா தலைத்துணியோடு கடைக்குப் போகவே தயங்கினார். நான் பொட்டு வைத்துக்கொண்டு கூடவே போனேன். இரண்டு பேரையும்தான் முறைத்தார்கள். அதற்காக நாங்கள் போவதை நிறுத்தவில்லை. அன்று கைவண்டியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போன என் மூத்தவளுக்கு அந்த வீட்டில்தான் பாதி வளர்ப்பு. இன்றைக்கும் அவளுக்கு உடம்பு சரியில்லையென்றால் கேட்பது ரசமும் அந்த வீட்டுப் பருப்பு சூப்பும்.

உடனே சேர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அந்த விழாவில் பாராட்டுப் பெற்ற பெண் எங்கே சேவை செய்கிறாள் என்று தோழியிடம் கேள். வருகிற சனிக்கிழமை அவளோடு போய் ஒரு காலைப் பொழுது வேலை செய்துவிட்டு வா. அந்தச் சங்கத்துப் பெண்கள் எத்தனை பேர் அங்கே வந்திருந்தார்கள் என்று பார்த்து எனக்கு எழுது.