கவரைத் தூக்கிப் போட்டுட்டேன், வக்கீலம்மா

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பத்திரிகையில் வந்த தீர்ப்புச் செய்தியைக் கத்தரித்து இணைத்திருக்கிறீர்கள். தன் வீட்டுப் பத்திரத்தின் நகலை இணைத்தவர் ஒரே ஒருவர். பாளையங்கோட்டைக் கோர்ட்டுக்கு எதிரே இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். என் அறைக்கு வருகிறவர்களும் இப்படித்தான். ஹைகோர்ட் சொன்னது தேதியோடு ஞாபகம் இருக்கும், தன் தகப்பனார் இறந்த தேதி இருக்காது. சரி, கடிதங்களுக்கு வருவோம்.

அம்பாசமுத்திரம் பக்கத்து வாசகி: எனக்கு 1984-ல் கல்யாணம். அப்பா 1998-ல் இறந்தார். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் 2 ஏக்கர் 40 சென்ட் நஞ்சை. அண்ணன், தம்பி, நான், மூன்று பேர். அம்மா தம்பியோடு இருக்கிறாள். பங்கு கேட்டால், "89-க்கு முன்னால கட்டிக் கொடுத்த பொண்ணுக்குப் பங்கு இல்லன்னு சட்டமே இருக்கு, நகை போட்டுத்தானே அனுப்புனோம்" என்கிறார் அண்ணன். 1999-ல் ஊர்ப் பெரியவர்களை வைத்துக் கூர்ச்சீட்டு எழுதிப் பிரித்துக்கொண்டார்களாம். பட்டாவும் அவர்கள் பேரில். எனக்கு ஏதாவது உண்டா?

உண்டு அக்கா. எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அண்ணாச்சி சொல்கிற சட்டம் இருந்தது. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடப்புக்கு வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்றது. அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவர்களை மட்டும் ஒதுக்கிவிட்டது. அவர் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டமே திருந்தியது, அதில் கல்யாணத் தேதி என்ற பேச்சே கிடையாது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்கிற நிபந்தனையையும் எடுத்துவிட்டது.

ஒரு முட்டுக்கட்டை உண்டு. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினைப் பத்திரமோ கோர்ட் டிகிரியோ (தீர்ப்பாணை) இருந்தால் அதை அசைக்க முடியாது. கூர்ச்சீட்டு பதிவாகாத காகிதம். வாய்மொழியாகப் பிரித்தோம் என்று யாராவது சொன்னால், அரசு ஆவணம் ஏதாவது அதற்குத் துணை நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்க வேண்டாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. உங்கள் சகோதரர்கள் அந்த ஆவணமாகப் பட்டாவைத்தான் நீட்டுவார்கள். ஆகவே பட்டா அவர்கள் பேருக்கு எந்த வருஷம் மாறியது என்று தாலுகா ஆபீஸில் பாருங்கள். 2000-ல் மாறியிருந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் பலம். 2012-ல் மாறியிருந்தால் உங்களுக்கு. மற்றபடி பட்டாவே உரிமையைத் தந்துவிடாது.

இனி கணக்கு. கடிதத்தின் ஓரத்திலேயே போட்டுப் பார்த்தேன். 240 சென்ட்.

நிலம் அப்பாவே சம்பாதித்து வாங்கியது என்றால், 1956 சட்டப்படி உயில் இல்லாத இடத்தில் அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமம்: ஆளுக்கு 60 சென்ட். இதில் 89-ம் இல்லை, 2005-ம் இல்லை.

பூர்வீகம் என்றால், அப்பாவும் மூன்று பிள்ளைகளும் ஆளுக்குக் கால் பங்கு. அப்பாவின் கால் பங்கு மறுபடி நான்காகப் பிரியும். உங்களுக்கு 60-ம் 15-ம் சேர்த்து 75 சென்ட், அம்மாவுக்கு 15.

1999-ல் பதிவுப் பத்திரமே போட்டிருந்தார்கள், அப்பாவும் இரண்டு மகன்களும் மட்டும் என்ற பழைய கணக்குத்தான் செல்லும் என்று வைத்துக்கொண்டாலும், அப்பாவுக்கு உரிய மூன்றில் ஒரு பங்கான 80 சென்டில் நீங்கள் நாலில் ஒருவர். 20 சென்ட். அதை மறைத்துப் பத்திரம் போட்டிருந்தால் உங்களை அது கட்டுப்படுத்தாது. ஆகப் பூஜ்யம் என்ற விடை எந்த வழியிலும் வரவில்லை.

இதில் எந்தக் கணக்கு உங்களுடையது என்பது உங்கள் தாத்தா கையில் இருக்கிறது. நிலம் அவருடைய சொந்தச் சம்பாத்தியமாக இருந்து, அவர் அந்தச் சட்டம் வந்த 1956 ஜூன் 17-க்குப் பிறகு இறந்திருந்தால், அப்பா கைக்கு அது தனிச்சொத்தாகத்தான் வந்திருக்கும். நம் பக்கத்தில் "தாத்தா சொத்து" என்றாலே பூர்வீகம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். 1986-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் திருத்திவிட்டது. தாத்தாவின் இறப்புச் சான்று, வில்லங்கச் சான்று இரண்டையும் முதலில் எடுங்கள். அம்மாவிடம் தம்பி விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) ஏதும் எழுதி வாங்கியிருக்கிறாரா என்பதும் வில்லங்கத்தில் தெரிந்துவிடும். பங்கு இல்லை என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொன்ன தேதியையும் எழுதி வையுங்கள். கூட்டுக்குடும்பச் சொத்திலிருந்து விலக்கியது தெரிந்த நாளிலிருந்து 12 வருஷம்தான் கெடு.

நகை விஷயம்: போட்ட நகைக்கும் நிலத்துப் பங்குக்கும் சட்டத்தில் சம்பந்தம் இல்லை. மதினிமார் காதில் விழும்படி இதை ஒருமுறை சொல்லலாம்.

மேலப்பாளையம் வாசகர், பெட்டிக்கடை: குட்காவுக்கான தடையை ஹைகோர்ட்டே ரத்து செய்துவிட்டது என்று சப்ளை பண்ணுகிறவர் சொல்கிறார். விற்கலாமா?

விற்காதீர்கள். 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தடை அறிவிக்கையை ரத்து செய்தது உண்மை. அதே ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. சப்ளை பண்ணுகிறவர் செய்தியின் முதல் பாதியை மட்டும் வைத்திருக்கிறார். கடைக்குச் சீல் வைக்கும்போது அவர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

திருநெல்வேலி டவுன் வாசகர்: வீட்டில் அல்வா கிண்டி, கால் கிலோ பாக்கெட் போட்டு, ஜங்ஷன் கடைகளுக்குக் கொடுக்கிறேன். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து பாக்கெட்டுகளை எடுத்துப்போனார். சில மாதம் கழித்து ஒரு பதிவுத் தபால் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் புரியவில்லை, கவரைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) முன் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ்: பாக்கெட்டில் தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) பேக்கிங் தேதியும் இல்லையாம். 14 நாளில் ரிப்போர்ட் கொடுக்காவிட்டால் கேஸ் நிற்காது என்று தீர்ப்பு இருக்கிறதாமே?

அந்தக் கவர்தான் தம்பி உங்கள் கேஸ்.

மாதிரி எடுக்கும்போது நாலு பங்காகப் பிரித்துச் சீல் வைத்திருப்பார்கள். ஒன்று பகுப்பாய்வாளருக்குப் போகும், நம் பக்கத்தில் பாளையங்கோட்டையிலேயே அரசு ஆய்வகம் இருக்கிறது. இரண்டு உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலரிடம் இருக்கும். நாலாவது உங்களுக்காக: கேட்டிருந்தால், உங்கள் செலவில் அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்பியிருப்பார்கள். அன்றைக்கே கேட்க வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். எடுத்த பாக்கெட்டுக்கு விலையும் கொடுத்திருக்க வேண்டும். வாங்கிக்கொண்டீர்களா?

பிறகு வந்த அந்தத் தபால் பகுப்பாய்வு அறிக்கை. அது கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்தால், அவர் ஒப்புக்கொள்ளும் பட்சத்தில், மிச்சமிருக்கும் மாதிரி மேல்நிலை ஆய்வகத்துக்குப் போகும். அந்த 30 நாள் உங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டியில் கழிந்துவிட்டது.

14 நாள் கதைக்கு வருகிறேன். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. தாமதத்தைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் ரத்தான வழக்குகளும் உண்டு. ஆனால் ஒரு வருஷக் கெடு என்று 77-ஆம் பிரிவு சொல்வது, நீதிமன்றம் குற்ற வழக்கை எடுத்துக்கொள்வதைப் பற்றி. உங்களுக்கு வந்திருப்பது டிஆர்ஓ முன் அபராத விசாரணை. தாமதத்தை ஒரு வாதமாக எழுதிக் கொடுங்கள், அதையே நம்பி ஆஜராகாமல் இருந்துவிடாதீர்கள். தவிர, பாக்கெட்டில் தேதி இல்லை என்பதற்கு ஆய்வகமே வேண்டாம், கண் போதும்.

லேபிள் குறைக்கு அபராதம் 3 லட்சம் வரை போகலாம். எவ்வளவு போடுவது என்பதற்கு அவர் பார்க்க வேண்டியவற்றை 49-ஆம் பிரிவு சொல்கிறது: இதனால் என்ன லாபம் அடைந்தீர்கள், யாருக்கு என்ன நஷ்டம், திரும்பத் திரும்பச் செய்தீர்களா. ஆகவே மூன்று காகிதம் கொண்டுபோங்கள். பதிவுச் சான்று, இது முதல் முறை என்ற உங்கள் எழுத்துமூல விளக்கம், திருத்தி அச்சடித்த புது லேபிள். தொகுதி எண்ணுக்கு மெஷின் வேண்டாம். ரப்பர் ஸ்டாம்ப் போதும். உத்தரவு பாதகமாக வந்தால் தீர்ப்பாயத்துக்கு 30 நாள், அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். உத்தரவை அது வந்த கவரோடும் அதில் விழுந்திருக்கும் தபால் முத்திரையோடும் சேர்த்து வையுங்கள்.

நிறத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதால் நீங்கள் சீனியை உருக்கிச் சேர்க்கிற ஆள் என்று நினைத்துக்கொள்கிறேன். பவுடர் வாங்கிப் போடுகிறவர்கள் இதைவிடப் பெரிய கவரை வாங்குவார்கள்.

முக்கூடல் வாசகி: கணவர் துபாயில். வீடு அவர் பேரில். மனைவிக்குப் பாதி என்று தீர்ப்பு வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வருகிறது.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி சொன்னது. அந்தக் கணவர் சவுதியில் வேலை பார்த்தார், மனைவி இங்கே பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டார். அந்த உழைப்பும் சொத்து வாங்கியதில் பங்களிப்புத்தான் என்று பாதி கொடுத்தார். எல்லா வீட்டுக்கும் தானாகப் பாதி எழுதிவிடும் சட்டம் அல்ல அது. வழக்குப் போட்டு, நிரூபித்துத்தான் வாங்க வேண்டும். பீடி சுற்றிய கூலியும் அந்த வீட்டில் போனதாக எழுதியிருக்கிறீர்கள். பீடிப் பாஸ்புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள்.

டவுன் ரதவீதிப் பக்கத்து வாசகர்: 22 வருஷமாக வாடகைக் கடை. ஒப்பந்தம் இல்லை, ரசீது இல்லை, வாடகை கையில்தான். உரிமையாளர் இறந்த பிறகு மகன் காலி பண்ணச் சொல்லிக் கரண்டைத் துண்டித்துவிட்டார். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காப்பாற்றுமா?

நீங்கள் நினைக்கிற 1960 சட்டம் 2019 பிப்ரவரி 22-ஓடு போய்விட்டது. இப்போது இருப்பது 2017-ல் இயற்றிய சட்டம். ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தம் போடாமல் இருப்பதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம் ஆகிறது. 22 வருஷம் இருந்தேன் என்பது அங்கே பெரிய வாதம் இல்லை.

ஆனால் காலி செய்ய வைப்பது வாடகை நீதிமன்றம், மகன் அல்ல. தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது என்று 20-ஆம் பிரிவு இருக்கிறது. துணை ஆட்சியர் அந்தஸ்தில் உள்ள வாடகை அதிகாரியிடம் இன்றே மனுக் கொடுங்கள். நாளைக்கு வேறு பூட்டுப் போட்டுவிட்டால், குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு உள்ளே திரும்பலாம். அந்த வழக்கில் சொத்து யாருடையது என்ற கேள்வியே எழாது. வாடகையை இந்த மாதத்திலிருந்து வங்கி மூலம் அனுப்புங்கள். வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடமே கட்டலாம்.

உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நானே என் முதல் அறைக்குப் பதினோரு வருஷம் ரசீது கேட்காமல் வாடகை கொடுத்தவள். கட்டடம் கைமாறியதும் புதியவர் பதினாலு மாத பாக்கி என்றார். என்னிடம் இருந்த ஒரே சாட்சியம், என் குமாஸ்தா அண்ணாச்சி தீபாவளிக்கு வந்த ஓசி டைரியில் "ஓனர் வந்தார், 3,500, காபி" என்று மாதாமாதம் கிறுக்கி வைத்திருந்தது. காபிக் கணக்கும் சேர்ந்திருந்ததால்தான் அதை அவர் நம்பினார்.

பாளையங்கோட்டை வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஒரே மகனுக்கு வீட்டைச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது போன்கூட எடுப்பதில்லை. பத்திரத்தில் 'என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று எழுதவில்லை.

ஐயா, 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23-ஆம் பிரிவின் கீழ் ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனுக் கொடுங்கள். அந்த வரி இல்லாதது ஒரு காலத்தில் பெரிய தடை. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அப்படியொரு நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்றுதான் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், பெற்றோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. அந்த மார்ச்சில் நாகப்பட்டினத்திலிருந்து போன வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பும் பாசமும் என்று எழுதியிருந்தாலே அதற்குள் பராமரிப்பு அடக்கம் என்றது. உங்கள் பத்திரத்தை எடுத்து 'அன்பினாலும் பாசத்தினாலும்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நம் பத்திர எழுத்தர்கள் வழக்கமாக அதை விடமாட்டார்கள்.

அங்கே வக்கீல் வைக்கக் கூடாது என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. எனக்கு நஷ்டம்தான்.

பாவூர்சத்திரம் வாசகர், காய்கறிக் கமிஷன் கடை: வெளியூர் வியாபாரி 2 லட்சத்துக்கு மேல் பாக்கி. போன் பண்ணினால் 'தரேன் அண்ணாச்சி' என்கிறார். மூன்று வருஷம் முடிய இரண்டு மாதம் இருக்கிறது.

அந்த 'தரேன்' எழுத்தில் வேண்டும். மூன்று வருஷம் முடிவதற்குள் அவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால், போட்ட நாளிலிருந்து புதிதாக மூன்று வருஷம். முடிந்த மறுநாள் போட்டால் அந்தப் பலன் இல்லை. அடுத்த லோடுக்கு வரும்போது பேரேட்டை விரித்து வையுங்கள். தொகையை நீங்கள் எழுதலாம், தேதியை மட்டும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.