சின்ன ஹாலில் சப்வூஃபர்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறையும் பாதிப் பேர் "எந்த சப்வூஃபர் வாங்கலாம்?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறார்கள். பேஸ் எனும் கனத்த அடிச்சத்தத்துக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர்தான் சப்வூஃபர், சுருக்கமாக சப். அறையின் நீளம், அகலம், சோபா இருக்கும் இடம், பக்கத்தில் யார் வீடு என்பதெல்லாம் இல்லாமல் மாடல் பெயர் சொல்வது எனக்குக் கைவராது. விவரத்தோடு எழுதியவர்களுக்கு இங்கே பதில்.

பெரம்பூரிலிருந்து: ஹால் 12 அடி நீளம், 10 அடி அகலம். 8 இஞ்ச் சப்வூஃபர் இருக்கிறது. பின்சுவரை ஒட்டிய சோபாவில் பேஸ் காதை அடைக்கிறது. நடுவில் பாயில் உட்காரும் பிள்ளைகளுக்கு ஒன்றுமே வரவில்லை. 12 இஞ்ச் வாங்கினால் சரியாகுமா சார்?

ஆகாது. சோபாவில் இன்னும் குமுறும், பாயில் அப்போதும் வராது. உங்கள் சப் நன்றாகத்தான் வேலை செய்கிறது, அறைதான் படுத்துகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே பேஸ் அலை மோதித் திரும்பும்போது, குறிப்பிட்ட சில ஹெர்ட்ஸில் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) சுவரோரம் சத்தம் குவியும், நட்டநடுவில் காணாமல் போகும். எந்த ஹெர்ட்ஸ் என்று அறிய 565-ஐ அடிக் கணக்கால் வகுத்துப் பாருங்கள். 12 அடிக்குச் சுமார் 47, 10 அடிக்கு 56. கூரை உயரமும் 10 அடி என்றால் அதே 56 இன்னும் பலமாகும். வெடிச் சத்தம், பாட்டில் வரும் டிரம் அடி எல்லாம் பெரும்பாலும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது.

காசு செலவில்லாத வேலை முதலில். சப்பைத் தூக்கி, நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எந்த இடத்தில் ஒரு சுரம் மட்டும் துருத்தாமல் எல்லாம் சமமாகக் கேட்கிறதோ, சப்வூஃபருக்கு அதுதான் இடம். அப்புறம் சோபாவைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னே இழுங்கள், பாயை நடுவிலிருந்து இரண்டடி நகர்த்துங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே போய்விடும்.

அதற்குப் பிறகும் கையில் பணம் இருந்தால், இதே 8 இஞ்சில் இன்னொன்று வாங்குங்கள். ஒன்று முன்சுவரின் நடுவில், மற்றது பின்சுவரின் நடுவில். இரண்டும் ஒரே நேரத்தில் தள்ளும்போது அந்த 47 ஹெர்ட்ஸ் அலை எழும்பவே வழியிருக்காது. சோபாவுக்கும் பாய்க்கும் கிட்டத்தட்ட ஒரே பேஸ் கிடைக்கும். 12 இஞ்ச் வாங்குவதன் முக்கியப் பலன் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்குவதில்தான். நீங்கள் கேட்டது அதையல்ல.

கொளத்தூர்: முன்னால் இரண்டு டவர் ஸ்பீக்கர் மாட்டிவிட்டேன். ரிசீவரில் (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் பெட்டி) 'லார்ஜ்' என்று வைக்கவா?

வேண்டாம். 'ஸ்மால்' வைத்து, ஸ்பீக்கரிடமிருந்து சப்புக்கு வேலை கைமாறும் எல்லையான க்ராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் விடுங்கள். கனமான பேஸை சப் பார்த்துக்கொள்ளும்.

தண்டையார்பேட்டை: எங்களுடையது பொதுச்சுவர் வீடு. ராத்திரி படம் போட்டால் பக்கத்து வீட்டு அம்மா சுவரைத் தட்டுகிறார். போன் ஆப்பில் அளந்தால் சத்தம் குறைவாகத்தான் காட்டுகிறது. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினால் போதுமா?

அந்த அம்மா சொல்வது சரி, ஆப் காட்டுவதுதான் உங்களை ஏமாற்றுகிறது. இப்படிப்பட்ட ஆப்கள் பெரும்பாலும், காதுக்கு எப்படிக் கேட்கும் என்பதை ஒட்டிய 'டிபிஏ' (dBA) கணக்கில் அளக்கின்றன. அந்தக் கணக்கு 50 ஹெர்ட்ஸ் சத்தத்தை 30 டெசிபல் குறைத்துக் காட்டும். சுவரைத் தாண்டிப் போவதோ அந்த 50 ஹெர்ட்ஸ்தான். வசனம் உங்கள் வீட்டிலேயே நின்றுவிடும், அவருக்குப் போய்ச் சேர்வது வெறும் 'தும் தும்'. அவர் வீட்டுப் பரணில் இருக்கும் எவர்சில்வர் குடமும் சேர்ந்து ஆடினால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளிலும் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அளவு.

முட்டை அட்டை பேஸை ஒன்றும் செய்யாது. தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும். சப்புக்கு அடியில் வைக்கும் ஸ்பாஞ்ச் மேடை தரையதிர்வைக் கொஞ்சம் குறைக்கும், காற்றில் போகும் பேஸைத் தடுக்காது.

பொதுச்சுவரை ஒட்டி, அதுவும் மூலையில், சப் இருந்தால் முதலில் அங்கிருந்து எடுங்கள். சோபாவுக்குப் பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில் வையுங்கள். கிட்டத்தில் இருப்பதால் வால்யூமை நன்றாகக் குறைத்தாலும் உங்களுக்கு நிறைவாக வரும். ரிசீவரில் 'நைட் மோட்' அல்லது 'டைனமிக் ரேஞ்ச்' என்று ஒன்று இருக்கும், இரவில் அதை ஆன் செய்தால் வசனத்துக்கும் வெடிக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். இன்னொரு வழி பேஸ் ஷேக்கர். சோபாவின் மரச்சட்டத்தில் திருகி மாட்டும் சின்ன மோட்டார் போன்றது, ஓட்ட ஒரு ஆம்ப்ளிஃபயர் வேண்டும். சத்தம் அதிகம் போடாமல் அதிர்வை மட்டும் உடம்புக்குத் தரும். பொதுச்சுவர் வீடுகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வியாசர்பாடி: சண்டைக் காட்சி காதைப் பிளக்கிறது, வசனம் கேட்கவில்லை. சென்டர் ஸ்பீக்கரை மாற்றவா?

அது டிவி ஸ்டாண்டின் உள்தட்டில் ஒளிந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தட்டின் விளிம்பு வரை வெளியே இழுத்து, முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, காதைப் பார்த்து வையுங்கள். ரிசீவரில் சென்டரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள். பிறகு மைக் வைத்து, ரிசீவர் தானே ஸ்பீக்கர் அளவுகளைச் சரிசெய்யும் ஆட்டோ செட்டிங் ஓட்டும்போது சீலிங் ஃபேனையும் ஏசியையும் நிறுத்தினீர்களா? பலர் நிறுத்துவதில்லை, மைக் அந்த இரைச்சலையும் சேர்த்தே கேட்கிறது.

டைல்ஸ் தரை, வெறும் சுவர் என்றால் எதிரொலி வசனத்தைக் கலைத்துவிடும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கனமான திரைத் துணி பார்த்து, ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு வாங்கி, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். தரையில் ஒரு கம்பளம். இதெல்லாம் வசனத்துக்குத்தான், பேஸ் இதற்கு மசியாது.

ராயபுரம்: பழைய 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்). பெட்டியில் '5000 வாட்ஸ் பிஎம்பிஓ' என்று போட்டிருக்கிறது. சப்பை மட்டும் மாற்ற முடியுமா?

பின்பக்கத் தகட்டில் கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று வாட்ஸில் இருக்கும், அதைப் படியுங்கள். பிஎம்பிஓ என்பது கணநேர உச்சத்தைச் சொல்லும் விளம்பரக் கணக்கு, அந்த 5000 எவ்வளவு உண்மை என்று புரிந்துவிடும். உங்கள் செட்டில் சப்வூஃபருக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் கிடையாது. வெளியே இருந்து பவர்டு சப் (தன் ஆம்ப்ளிஃபயரோடு வருவது) மாட்ட 'சப் அவுட்' பின்னும் இல்லை. சப்புக்கென்று எடுத்து வைத்த பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, நல்ல ஏ.வி. ரிசீவரும் முன் ஸ்பீக்கர் இரண்டும் வாங்குங்கள். சென்டர் அடுத்து, சப் அதற்கும் அடுத்து. சரவுண்ட் (பக்கவாட்டிலும் பின்னாலும் வைக்கும் ஸ்பீக்கர்கள்) கடைசியில் வந்தால் போதும்.

திருவொற்றியூர்: கடல் பக்கம் வீடு. ஸ்பீக்கர் கோனைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாக உதிர்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

கோனும் அதன் பின்னால் உள்ள காயிலும் (கம்பிச்சுருள்) நன்றாக இருந்தால் வேண்டாம். விரலால் கோனை இரண்டு பக்கமும் சமமாக, மெதுவாக உள்ளே தள்ளுங்கள். உரசல் சத்தம் இல்லையென்றால் ஓரத்தை மட்டும் மாற்றலாம், ஸ்பீக்கர் ரிப்பேர் செய்பவர்கள் செய்து தருவார்கள். ஈரக் காற்றில் ஸ்பாஞ்ச் ஓரம் இப்படித்தான் மக்கும். இனி புதிதாக வாங்கினால் ரப்பர் ஓரம் உள்ளதாகப் பாருங்கள்.

ஒயரையும் பார்த்துவிடுங்கள். நுனி பச்சை பூத்திருந்தால் ஓரிரு இஞ்ச் வெட்டி, புதிதாகச் சீவி மாட்டுங்கள். மலிவாகக் கிடைக்கும் ஒயரில் ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம். உப்புக் காற்றுக்கு அது வெட்டிய நுனியிலிருந்தே அரிக்கும். முழுச் செம்பில் 16 கேஜ் (கம்பியின் தடிமன் கணக்கு) உங்கள் அறைக்குத் தாராளம்.

எண்ணூர்: சப்பிலிருந்து எப்போதும் 'ம்ம்ம்' என்று இரைச்சல்.

செட்டாப் பாக்ஸின் கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அந்த ஒயர் வழியாக வரும் எர்த் பிரச்சினை, கேபிள் ஒயரில் ஒரு ஐசொலேட்டர் (எர்த் தொடர்பைத் துண்டித்து, சிக்னலை மட்டும் விடும் சின்னக் கருவி) போட்டால் சரியாகும். எல்லாச் சாதனங்களையும் ஒரே பிளக் பாயிண்ட்டிலிருந்து எடுங்கள். யாராவது எர்த் பின்னை உடைக்கச் சொன்னால் கேட்காதீர்கள், ஷாக் அடித்தால் காப்பாற்றுவது அதுதான்.

கொடுங்கையூர்: மாடி அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அட்மாஸ் ஸ்பீக்கர் (தலைக்கு மேலிருந்து ஒலி தருவது) மேலே மாட்டலாமா?

அந்த ஷீட்டில் துளை போடவே கூடாது, பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். மேல்நோக்கிப் பாடும் ஸ்பீக்கரும் தட்டையான கூரையில்தான் எடுபடும், நெளி நெளியான ஷீட்டில் ஒலி சிதறிப்போகும். 5.1 போதும். மழை பெய்தால் அதுவும் கேட்காது.