ஓடும்போதே நூலகம் ஏற்றுதல்: காமன் லிஸ்ப் கேள்வி பதில்

கே: ஃபங்ஷனின் முதல் வரியில் குயிக்லோட் (நூலகத்தை ஏற்றும் கட்டளை) மூலம் டிராக்மா என்ற ஹெச்டிடிபி நூலகத்தை ஏற்றி, அடுத்த வரியில் டிராக்மா:ஹெச்டிடிபி-ரிக்வெஸ்ட் என்று அழைக்கிறேன். கம்பைல் செய்யும்போதே அப்படியொரு பேக்கேஜ் (பெயர்களின் தொகுப்பு) இல்லை என்று நின்றுவிடுகிறது. ஏற்றும் வரி முன்னால்தானே இருக்கிறது?

ப: நிரலின் எழுத்துகளைப் படிக்கும் பகுதியான ரீடர் வரி வரியாகப் போவதில்லை. ஃபங்ஷனை வரையறுக்கும் டிஃபன் முழுவதையும் கடைசி அடைப்புக்குறி வரை ஒரே ஃபார்மாகப் படிக்கும். கோலனைக் கண்டதும் பேக்கேஜைத் தேடும். அந்த நேரத்தில் உங்கள் குயிக்லோட் இன்னும் ஓடவே இல்லை. அதனால் பெயரைத் தேடும் வேலையை ஓடும் நேரத்துக்குத் தள்ளுங்கள்:

(யூஐஓபி:சிம்பல்-கால் :டிராக்மா :ஹெச்டிடிபி-ரிக்வெஸ்ட் முகவரி)

இவை வெறும் கீவேர்டுகள் என்பதால் ரீடர் டிராக்மாவைத் தேடாது. யூஐஓபி என்ற துணை நூலகம், நிரல்களைக் கட்டி ஏற்றும் கருவியான ஏஎஸ்டிஎஃப் உடனேயே வந்துவிடும்.

கே: இன்டர்ன் போட்டு (பெயரைச் சிம்பலாக மாற்றி) ஃபன்கால் செய்தால் (அதை அழைத்தால்) ஆகாதா?

ப: ஆகும். ஆனால் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் இன்டர்ன் சத்தமில்லாமல் புது சிம்பலை உண்டாக்கிவிடும். சிம்பல்-கால் அங்கேயே பிழை எழுப்பும்.

கே: நூலகத்தின் மேக்ரோவையும் இப்படி அழைக்கலாமா?

ப: முடியாது, மேக்ரோ கம்பைல் நேரத்திலேயே விரிந்தாக வேண்டும். அந்தப் பகுதியைத் தனி ஃபைலுக்கு மாற்றி, அதற்கென ஒரு குட்டி சிஸ்டம் (ஏஎஸ்டிஎஃப் ஏற்றும் ஃபைல்களின் வரையறை) எழுதி, சார்புகளைச் சொல்லும் டிபெண்ட்ஸ்-ஆனில் நூலகத்தைக் குறிப்பிடுங்கள். முதன்மை நிரல் தேவைப்படும்போது அந்தச் சிஸ்டத்தை ஏற்றி, அதன் ஒரே ஒரு நுழைவு ஃபங்ஷனை மட்டும் சிம்பல்-கால் மூலம் அழைக்கட்டும். மேக்ரோ இல்லாவிட்டாலும் இந்த வழியையே பரிந்துரைப்பேன். உள்ளே எல்லாம் சாதாரண லிஸ்ப்தான், கம்பைலரின் எச்சரிக்கைகளும் முழுமையாகக் கிடைக்கும். நிரல் முழுக்க சிம்பல்-காலைத் தூவினால் அவை கிடைக்காது.

கே: எஸ்பிசிஎல் என்ற லிஸ்ப் கம்பைலரில், ஓடும் லிஸ்பின் நினைவகத்தை (இமேஜை) அப்படியே சேமிக்கும் சேவ்-லிஸ்ப்-அண்ட்-டை மூலம் எடுத்த பைனரி வேறு கணினியில் சிஸ்டம் கிடைக்கவில்லை என்கிறது.

ப: இமேஜுக்குள் ஏஎஸ்டிஎஃப் இருக்கிறது, ஆனால் நூலகத்தின் மூலநிரல் அந்தக் கணினியில் இல்லை. ஒன்று, இமேஜ் எடுக்கும் முன்பே ஏற்றிவிடுங்கள். அல்லது குட்டி சிஸ்டத்தை மோனோலித்திக்-கம்பைல்-பண்டில்-ஆப் மூலம், சார்புகளோடு ஒரே ஃபாஸ்லாக்கி (கம்பைல் ஆன ஒரே ஃபைலாக்கி), பைனரியோடு அனுப்பி, லோட் செய்யுங்கள். பைனரியும் ஃபாஸ்லும் ஒரே எஸ்பிசிஎல் பதிப்பில் உருவானவையாக இருக்க வேண்டும். இல்லையேல் ஏற்க மறுக்கும்.

கே: இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் ஏற்ற முயன்றால்?

ப: ஏற்றும் இடத்தை, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் ஒரு லாக்குக்குள் வையுங்கள். ஏற்கெனவே ஏற்றியாயிற்றா என்ற சோதனையும் லாக்குக்கு உள்ளேயே நடக்க வேண்டும். சோதனை வெளியே மட்டும் இருந்தால் இரண்டு த்ரெட்களும் இன்னும் ஏற்றப்படவில்லை என்றே கண்டு, இரண்டுமே ஏற்றத் தொடங்கும்.