விக்கியில் பலர் சேர்ந்து எழுதும்போது உள்ளடக்கத்தையும் அலங்காரத்தையும் எப்படிப் பிரித்து வைப்பது?

பக்கத்துக்குப் பக்கம் நிறமும் எழுத்தளவும் மாறுகின்றன, ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று குலைகிறது என்கிறீர்கள். உங்கள் விக்கி, விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் போலித் தலைப்புகளைக் களையுங்கள். வரித் தொடக்கத்தில் அரைப்புள்ளி (;) போட்டோ, வெறுமனே தடித்த எழுத்தாக்கியோ எழுதியது கண்ணுக்கு மட்டும்தான் தலைப்பு. பொருளடக்கத்தில் வராது, 'தொகு' இணைப்பு கிடைக்காது, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானில் தலைப்பு தலைப்பாகத் தாவுபவருக்கு அது இல்லவே இல்லை. பக்கத்தின் பெயரே முதல் நிலை; ஆகவே உள்ளே == என்று இரண்டாம் நிலையில் தொடங்குங்கள்.

பெரிய தொல்லை, நிறம், அளவு போன்ற தோற்றத்தைப் பக்கத்துக்குள்ளேயே சொல்லும் ஸ்டைல் (style) பண்பு. ஒரு பெட்டிக்குப் பின்னணியை வெளிர் மஞ்சளாக்கி, எழுத்தின் நிறத்தைச் சொல்லாமல் விடுவார்கள். இருண்ட பயன்முறையில் எழுத்து வெள்ளையாகும், பின்னணி மஞ்சளாகவே நிற்கும். ஒன்றும் படிக்க முடியாது. அந்தப் பெட்டியை நாற்பது பக்கங்களில் நகலெடுத்திருந்தால் நாற்பதையும் திருத்த வேண்டும்.

அதனால் பெட்டியை வார்ப்புருவாக்கி (ஒரே இடத்தில் எழுதிப் பல பக்கங்களில் அழைக்கும் அச்சு), அதற்கு ஒரு கிளாஸ் (class) பெயர், அதாவது தோற்ற விதிகளை இணைக்க உதவும் அடையாளப் பெயர் கொடுங்கள். 'மஞ்சள்பெட்டி' வேண்டாம், 'எச்சரிக்கை' என்று வேலையைச் சொல்லும் பெயர் வையுங்கள். வார்ப்புருவுக்குத் தனித் தோற்ற விதிகள் எழுத உதவும் டெம்ப்ளேட்ஸ்டைல்ஸ் (TemplateStyles) நீட்சி இருந்தால், அந்த வார்ப்புருவுக்கு சிஎஸ்எஸ் (.css, தோற்ற விதிகளை எழுதும் மொழி) என்ற பின்னொட்டுடன் முடியும் உட்பக்கம் ஒன்றை உருவாக்கி நிறம், ஓரம், இடைவெளி எல்லாவற்றையும் அங்கே எழுதி, வார்ப்புருவின் தொடக்கத்தில் அதை அழையுங்கள். அந்த விதிகள் பக்க உள்ளடக்கத்தைத் தாண்டி வெளியே போகாது. தளம் முழுவதற்குமான பொது சிஎஸ்எஸ் பக்கத்தை இடைமுக நிருவாகிகள்தான் தொட முடியும். சின்னப் பெட்டிக்கெல்லாம் அவர்களிடம் போய் நிற்க வேண்டாம். பின்னணி கொடுக்கும் இடத்தில் எழுத்து நிறத்தையும் கொடுங்கள். சாதாரண அளவு எழுத்துக்கு இரண்டுக்குமான ஒளிர்வு வேறுபாட்டு விகிதம் 4.5:1-க்குக் குறையக் கூடாது.

கிளாஸ் வேலை செய்யவில்லை என்று பலர் புலம்புவது எதனால் தெரியுமா? பழைய ஸ்டைல் பண்பு இன்னும் அங்கேயே இருக்கும், அதுதான் வெல்லும். அதை நீக்காமல், மற்ற விதிகளை மீறவைக்கும் 'இம்பார்ட்டன்ட்' (!important) குறியைச் சேர்த்தால், அடுத்து வருபவரும் அதையே சேர்ப்பார்.

அட்டவணையில் ஒரே ஒரு கலத்தின் அகலத்துக்கும் கிளாஸ் வேண்டுமா என்று கேட்க வருவார்கள். வேண்டாம், அதை அங்கேயே எழுதிவிடுங்கள். ஆனால் சொற்செயலியிலிருந்து எழுத்துரு, நிறம் சகிதமாக அப்படியே ஒட்டிவிட்டு, திருத்தச் சுருக்கத்தையும் காலியாக விட்டுப் போகிறவர்களுக்கு என்ன சொல்வது? வடிவமைப்பில்லாமல் ஒட்ட, பெரும்பாலான உலாவிகளில் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்.